கதையிற் பிறந்த பெயர்கள்

கற்பனைக் கதைகளிற் பிறந்த பெயர்களைக் குழந்தைகளுக்குச் சூட்டும் பெற்றோரை எள்ளுவது மேலைநாட்டுக் கற்றோர் சிலருக்குப் பொழுதுபோக்கு. அண்மைக்கால இலக்கு 'கலீசி'. ஜோர்ஜ் மார்ட்டின் 1996இல் வெளியிட்ட நாவலில் அது பெயரன்று. குதிரைவீரர் தலைவனின் மனைவிக்குரிய பட்டம். 2011இல் நாவல் தொலைக்காட்சித் தொடரானபின், அப்பட்டமே அமெரிக்கப் பெண்குழந்தைகள் பலரின் பெயராயிற்று. பேதைமை என்பர். இலத்தீனில் அரசியைக் குறிக்கும் 'ரெஜினா' மட்டும் எவ்வாறு பெயராயிற்று?

வேரற்ற பெயராம்! 'வனெசா'வுக்கு வேர் ஏது? எஸ்தர் வனொம்றி என்னும் தோழியின் குடும்பப்பெயரின் முதலசையோடு எஸ்தரின் செல்லவடிவை ஒட்டி ஜொனதன் ஸ்விப்ற் புனைந்ததே அது. 'வென்டி'யைப் பரப்பியது 1904இல் மேடையேறிய 'பீற்றர் பான்' நாடகம். அவற்றை இன்று எவரும் நகைப்பதில்லை. நூற்றாண்டு கடந்தால் இழிவு கழுவப்படும் போலும்!

நகைக்கப்படுவது பெயரன்று, பெயரிட்டவரின் வர்க்கமே. கவிஞன் புனைந்தால் இலக்கியச் சுவை. தொலைக்காட்சியிற் கேட்டுத் தொழிலாளி தேர்ந்தால் அறியாமை! தமையனாற் படைக்கு விலையாக மணமுடித்துக் கொடுக்கப்பட்ட ஏதிலிப் பெண்ணொருத்தி கலீசியாகி, அடிமைகளின் தளையறுப்பவளாக உயரும் அக்கதை உழைக்கும் தாயரின் நெஞ்சைத் தொட்டதேன் என ஆராய்வார் இல்லை. 2019இல், தொடரின் இறுதியில் அவள் நகரொன்றை எரித்தபோது, அப்பெற்றோர் தலைகுனிய வேண்டுமென ஆர்ப்பரித்தனர். பாரசீகத் தலைநகரை எரித்த அலெக்சாந்தரின் பெயரை மகனுக்கிட்டவரிடம் இதனை எவர் கேட்டார்?