புது வண்டி வந்த வீடு

ஒரு வீட்டிற்குப் புதிய மோட்டார் சைக்கிள் வருவது சிறிய நிகழ்ச்சியன்று. பல ஆண்டுகள் சேமித்த பணமும், இனிப் பல மாதங்கள் கட்டவேண்டிய தவணையும் அதனுடன் சேர்ந்தே வாசலுக்கு வருகின்றன. அண்டை வீட்டார் வந்து பார்க்கின்றனர். பிள்ளைகள் ஏறி அமர்ந்து ஹாரனை அழுத்துகின்றனர். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுக்கிறார். மறுநாள் காலை அந்த வண்டி கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இறங்கிவிடுகிறது.

இராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவதற்காகப் புதிய புல்லட் 350 ஒன்றை நாம் ஓட்டத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. இந்த ஒரு மாதத்தில் கண்டவற்றை, வண்டி வாங்க எண்ணியிருக்கும் பங்குக் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகிறோம். வண்டியின் அழகைப் பேசுவது மட்டும் நம் நோக்கமன்று. அது வீட்டாருக்கு என்ன செய்யும் என்பதே நாம் ஆராய வேண்டியது.

நம் ஊரில் வளர்ந்த வண்டி

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் 1932இல் பிறந்தது. ஆனால் அது வளர்ந்ததும் நிலைத்ததும் நம் பகுதியில்தான். இந்திய இராணுவத்திற்கு இவ்வண்டி தேவைப்பட்டதை ஒட்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் நிறுவனமும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனியை அமைத்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்படலாயின. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் வண்டி உற்பத்தியே நின்றுபோயிற்று. தாய்வீடு பூட்டப்பட்ட பின்னும் மகள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 1977இல் திருவொற்றியூர்த் தொழிலாளர் செய்த புல்லட்டுகள் கப்பலேறி அந்த இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றன.

1994இல் ஐஷர் குழுமம் கம்பெனியை ஏற்றது. 2013இல் ஓரகடத்தில் பெரிய ஆலை திறக்கப்பட்டு, உற்பத்தியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் நகர்ந்தது. எனினும் புல்லட்டின் வரலாற்றிலிருந்து திருவொற்றியூரின் பெயரைப் பிரிக்க முடியாது. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்டு ஆகி லாரிகளைச் செய்தது. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனியாக வளர்ந்தது. நாட்டின் சாலைகளில் ஓடும் வண்டிகளில் நம் பங்கு மக்கள் பலரின் கைவேலை கலந்திருக்கிறது. வண்டி செய்யத் தெரிந்த மக்கள் வண்டி ஓட்டவும் செவ்வையாகத் தெரிந்திருக்க வேண்டாமா?

பழையதும் புதியதும்

நம் தந்தையர் ஓட்டிய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு கலையாயிருந்தது. டிகம்ப்ரஷன் நெம்புகோலை அழுத்தி, ஆம்மீட்டரின் முள் நடுவில் நிற்கும் இடம் பார்த்து, பிறகு உதைக்க வேண்டும். முறை தெரியாமல் உதைத்தவரின் காலைக் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன. இன்றைய வண்டியில் கிக்கரே இல்லை. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் எழுகிறது. கியர் இடது பக்கமும் பிரேக் வலது பக்கமும் மாறிவிட்டன.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய புல்லட்டில் இருபது ஆண்டு பழகிய கால், திடீரென ஆபத்து நேரும்போது பழைய பக்கமே போகும். அத்தகையவர் முதற் சில நாட்கள் ஆளில்லாத தெருவில் ஓட்டிப் பழகிய பின்னரே நெடுஞ்சாலைக்குச் செல்வது நலம்.

349 சி.சி. எஞ்சின், ஐந்து கியர்கள், 13 லிட்டர் டேங்க், 195 கிலோ எடை என்பன இதன் அளவுகள். எஞ்சினுக்குள் சமன்செய்யும் தண்டு ஒன்று வைக்கப்பட்டிருப்பதால் பழைய அதிர்வு பெரிதும் குறைந்துவிட்டது. கைகள் மரத்துப்போவதில்லை. ‘டம் டம்’ என்ற ஓசையும் அடங்கிய குரலாகிவிட்டது. மெதுவாகச் செல்லும்போதே இழுவிசை மிகுதியாகக் கிடைப்பது இவ்வண்டியின் சிறப்பு. லாரிகளின் பின்னே ஊர்ந்து செல்லும் நம் சாலைகளில் அடிக்கடி கியர் மாற்றவேண்டியிருப்பதில்லை.

எடையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓடும்போது அந்த எடை நிதானம் தருகிறது. நிறுத்தித் திருப்பும்போது அதுவே சுமையாகிறது. இராயபுரத்தின் குறுகிய சந்துகளில் வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்துவோர் இதை முதல் நாளே அறிவர். ஆகையால் உயரம் குறைந்தவர்களும், வீட்டில் பெண்களும் ஓட்டுவதற்கு வண்டி தேடுபவர்களும், ஷோரூமில் ஏறி அமர்ந்து பார்ப்பதோடு நில்லாமல், கீழே இறங்கித் தள்ளிப் பார்த்தபின் முடிவு செய்வார்களாக.

முதல் 500 கிலோமீட்டர் வரை எஞ்சினை முறுக்காமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், ஏற்றியும் இறக்கியும் ஓட்டவேண்டும். அதன்பின் முதல் சர்வீஸில் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடலாகாது. நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பதும், செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவதும் கடலோரத்து வண்டிகளுக்கு இன்றியமையாதவை.

சாலை கற்பிப்பவை

நம் பகுதியில் வண்டி ஓட்டுவது மற்றப் பகுதிகளில் ஓட்டுவது போன்றதன்று. துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையாக நிற்கின்றன. காசிமேட்டின் அருகே மீன் வண்டிகளிலிருந்து வடியும் நீர் தார்ச்சாலையை வழுக்கச் செய்கிறது. ஓரங்களில் மணல் படிந்து கிடக்கிறது. தண்டவாளம் குறுக்கிடும் இடத்தில் சாய்வாகச் சென்றால் டயர் பள்ளத்தில் சிக்கும். இயன்றவரை நேர்குறுக்காகவே கடக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து லாரியின் இடப்பக்கம். லாரியின் ஓட்டுநர் உயரத்தில் வலது பக்கம் அமர்ந்திருக்கிறார். தமது இடக்கதவின் கீழே ஒட்டி நிற்கும் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணுக்குப் படாது. அவர் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் நம்மைக் கடந்துவிட்டாலும், பின்சக்கரம் உட்புறமாக நெருங்கி வரும். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநருடைய முகம் நமக்குத் தெரியவில்லையென்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்பது பொருள். நிற்கும் லாரிக்கும் நடைமேடைக்கும் இடையிலுள்ள சந்தில் நுழைந்து முந்துவதால் கிடைக்கும் அரை நிமிடம் ஓர் உயிருக்கு ஈடாகுமா?

வேகத்தின் கணக்கையும் பார்ப்போம். வேலைக்குச் செல்லும் தூரம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தடையின்றி 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 18 நிமிடம் ஆகும். 60இல் சென்றால் 12 நிமிடம். மிச்சம் ஆறு நிமிடம். சிக்னலும் நெரிசலும் அதிலும் பாதியைத் தின்றுவிடும். ஆனால் 40இல் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60இல் ஏறத்தாழ 17 மீட்டர். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க வேண்டிய தூரமோ இரண்டேகால் மடங்காகிறது. இந்த ஆறு நிமிடத்திற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. பிரேக்கை இறுகப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி, அது பிடியை நொடிக்குப் பலமுறை தளர்த்தி மீண்டும் இறுக்குகிறது. முன்பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்று அஞ்சிக் கால் பிரேக்கை மட்டும் நம்பியவர்கள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகவேண்டும். எனினும் மீன்நீர் சிந்திய வளைவில் எந்த அமைப்பும் நிதானத்திற்கு மாற்றாகாது.

வாங்கலாமா?

எல்லா வரிகளும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு லட்ச ரூபாய் ஆகும் வண்டி இது. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. 100 சி.சி. வண்டியோ விலையிலும் எடையிலும் ஏறக்குறையப் பாதி. லிட்டருக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் தருகிறது. வேலைக்குச் சென்று வருவது மட்டுமே தேவையென்றால் சிறிய வண்டியே போதும். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிவைத்தும், மனைவியின் நகையை அடகு வைத்தும் பெரிய வண்டி வாங்குவது வீட்டாரின் வயிற்றில் அடித்து வாசலை அலங்கரிப்பதாகும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் வந்துவிட்டது. கனமழை நாட்களில் வண்டியை வீட்டில் விட்டு இரயிலேறுவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

பின்னிருக்கையில் யார்?

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் நிற்கும் வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். கணவர் தலைக்கவசம் அணிந்திருக்கிறார். பின்னே மனைவி வெறுந்தலையுடன் ஒருபக்கமாக அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் கைக்குழந்தை. முன்னே டேங்கின்மீது மூத்த பிள்ளை. அபராதம் விதிப்பவர் கண்ணுக்குப் படும் தலைக்கு மட்டும் காப்பு. அன்புக்குரிய மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. இதைக் குடும்பப் பாசம் என்று சொல்வது எங்ஙனம்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுபவரோடு ஒருவர் மட்டுமே செல்லலாம். 2019இல் திருத்தப்பட்ட விதிப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்கேற்ற கவசமும் வேண்டும். வேகம் 40ஐத் தாண்டலாகாது என 2022இல் விதி வகுக்கப்பட்டது. பின்சக்கரத்தை மூடும் சாரிகார்டும், பின்னிருப்பவர் பற்றிக்கொள்ளும் கைப்பிடியும், கால் வைக்கும் படியும் விதிப்படி இருக்கவேண்டியவை. அழகு கெடுகிறதென்று சாரிகார்டைக் கழற்றிவிடும் இளைஞர்கள், தம் தாயின் முந்தானையை நினைத்துக்கொள்வார்களாக.

ஆதலால் நாம் சொல்வது இதுவே: வண்டிக்குப் பணம் ஒதுக்கும்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசங்கள் இரண்டிற்கும், பிள்ளை இருந்தால் அதற்குரிய மூன்றாவதற்கும் பணம் ஒதுக்குங்கள். கூடுதல் விளக்கும் மினுக்கும் அடுத்த ஆண்டு வாங்கலாம். கவசத்தின் வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்து வைப்பதும், அதைக் கைப்பிடியில் தொங்கவிடுவதும் ஒன்றே.

மந்திரித்த வண்டி

வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவது நல்ல வழக்கம். ஆனால் அந்த ஆசீர் வண்டிக்குக் கட்டும் தாயத்தன்று. ஓட்டுபவர் இறைவனிடம் ஏற்கும் பொறுப்பு அது. 2007 ஜூன் திங்களில் உரோமையில் திருப்பீடம் சாலைப் பயணிகளுக்கென மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் வண்டியோட்டிகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டுள்ளன. சீனாய் மலையில் தரப்பட்ட ஐந்தாம் கட்டளையே அங்கு முதலாவதாக நிற்கிறது: கொலை செய்யலாகாது. வண்டியை அதிகாரத்தின் அடையாளமாக்கிப் பாவத்திற்கு வாய்ப்பளிக்கலாகாது என்பதும், விபத்தில் வீழ்ந்தவருக்கு உதவ வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

ஆண்டவர் கூறிய உவமையில், குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் தன் வாகனமாகிய விலங்கின்மேல் ஏற்றிச் சென்றான். இன்று அடிபட்டவரை மோட்டார் சைக்கிளில் தூக்கி வைப்பது காயத்தை மிகுவிக்கலாம். 108ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடனிருப்பதே நாம் செய்யத்தக்கது. உதவுபவரை வழக்கில் இழுக்கலாகாது என்று 2019இன் சட்டத்திருத்தம் காப்பளிக்கிறது. அச்சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் அவருக்கு ‘நல்ல சமாரியன்’ என்பதே பெயர். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. ‘நமக்கேன் வம்பு’ என்று கடந்துபோவதற்கு இனிச் சாக்கு இல்லை.

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பரின், அதாவது புனித பேதுருவின், பெயரால் வந்தது. அவரும் நாள்தோறும் வேலைக்குச் சென்று மீண்ட உழைப்பாளியே. அவருடைய வாகனம் படகு. கரையில் காத்திருந்த வீட்டாருக்குப் படகின் நிறமும் வேகமும் பெரிதாயிருந்திருக்குமா? சென்றவர் திரும்பிவரவேண்டும் என்பதே அவர்கள் வேண்டுதல். புது வண்டி வந்த வீட்டாரின் வேண்டுதலும் அதுவே. அந்த வேண்டுதலில் நம் பங்கை நிறைவேற்ற, இன்று மாலை வீட்டிலுள்ளோர் எத்தனை பேர், கவசங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் இம்மாதச் சம்பளத்தில் முதற் செலவாக அதை வாங்கிவிடுங்கள்.