ஒடிந்த இடுப்பு, தொங்கும் மணிக்கட்டு

ஜோக்குகளுக்குப் படம் போடுகிறவர்களுக்கு எந்த மனிதரையும் மூன்று கோட்டில் அடக்கத் தெரியும். தோளில் துண்டு விழுந்தால் அரசியல்வாதி. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கினால் டாக்டர். தொப்பையும் கிரீடமும் சேர்ந்தால் மன்னர். கையில் பூரிக்கட்டை இருந்தால் மனைவி. பாவம், எத்தனையோ ஆண்டுகளாக அவள் அதைக் கீழே வைக்கவே இல்லை. ஆணை விரும்பும் ஆணுக்கும் இப்படி ஓர் உருவம் உண்டு: ஒரு பக்கம் ஒடிந்த இடுப்பு, தொங்கவிட்ட மணிக்கட்டு, நீண்ட கண்ணிமை.

கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கொஞ்ச காலம் கல்வராயன் மலைமேல் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியிலும் வேலை பார்த்தேன். அந்த ஒடிந்த இடுப்பை நான் அதிகம் பார்த்தது வகுப்பறை பெஞ்சில்தான். காம்பஸ் முனையால் கீறியிருப்பார்கள். பக்கத்தில் 9 என்று ஓர் எண், நளினமான ஆண்களையும் திருநங்கைகளையும் இழிவாகச் சொல்லும் வசை. யாரைச் சொல்கிறது என்பது வகுப்புக்கே தெரியும். அந்தப் பையன் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்திருப்பான். படம் நன்றாக வந்திருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல். மரம் வரையச் சொன்னால் திணறுகிற கை, இதை ஒரே இழுப்பில் போட்டுவிடும்.

இதை அவர்களுக்குத் தமிழ் காமிக்ஸ் கற்றுத்தரவில்லை. நான் வளர்ந்தது 1972ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸோடு. 1984ல் லயனும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன. இரும்புக்கை மாயாவி, மாடஸ்டி, ஜேம்ஸ் பாண்ட் என்று பஸ் நிலையக் கடையில் வாங்கிப் படித்த எதிலும் தன்பாலீர்ப்பு கொண்டவர் ஒருவர் வந்ததாக எனக்கு நினைவில்லை. நல்லவராகவும் வரவில்லை, வில்லனாகவும் வரவில்லை. லாரன்ஸும் டேவிட்டும் சேர்ந்தே துப்பறிந்தார்கள், சேர்ந்தே அடி வாங்கினார்கள். எங்களுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

அமெரிக்காவில் அந்தச் சந்தேகம் 1954லேயே வந்துவிட்டது. ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வதைக் காட்டி, இது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று புத்தகமே எழுதினார். அதே ஆண்டு பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, ‘பாலியல் பிறழ்வு’ சாடைமாடையாகக்கூட வரக் கூடாது என்றது. அந்தத் தடை நீங்க 1989 ஆயிற்று. அதற்கிடையில், நெறிமுறைக்குள் வராத ஒரு ஹல்க் இதழில், 1980ல், ஆணை விரும்பும் ஆண்கள் இருவர் தலைகாட்டினார்கள். என்னவாகத் தெரியுமா? குளியலறையில் கதாநாயகனைப் பலாத்காரம் செய்ய வருகிறவர்களாக. 1992ல் மார்வெலின் நார்த்ஸ்டார் தான் யார் என்பதை வாய்விட்டுச் சொன்னபோதும், எய்ட்ஸால் சாகிற ஒரு குழந்தையின் கதைக்குள் வைத்துத்தான் சொல்ல வைத்தார்கள். முதலில் ஆளே இல்லை, பிறகு குற்றவாளி, பிறகு நோயின் நிழல். நம் சினிமாவும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் போயிற்று. ‘வேட்டையாடு விளையாடு’ படத்தின் இரண்டு கொலைகாரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரமெல்லாம் காமெடி டிராக்.

காமிக்ஸில் வந்தவர்களில் எனக்குப் பிடித்தவன் கெவின் கெல்லர். 2010ல் ஆர்ச்சி காமிக்ஸுக்காக டான் பேரன்ட் உருவாக்கிய பையன். ராணுவக்காரர் மகன். வந்த முதல் கதையிலேயே பர்கர் தின்னும் போட்டியில் ஜக்ஹெட்டைத் தோற்கடிக்கிறான். ஆர்ச்சி படித்தவர்களுக்குத் தெரியும், ஜக்ஹெட்டைச் சாப்பாட்டில் ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வெரோனிகா இவன் பின்னாலேயே அலைகிறாள். தான் ஆண்களை விரும்புகிறவன் என்பதைக் கெவின் ஜக்ஹெட்டிடம் சொல்லிவிடுகிறான். ஜக்ஹெட்டோ அவளிடம் மூச்சுவிடாமல் வேடிக்கை பார்க்கிறான். சிரிப்பு முழுவதும் வெரோனிகா தலையில் விழுகிறது. வரைகிறவன் கண்ணுக்கு இன்னொன்றும் படும்: மற்ற பையன்களுக்குப் போட்ட அதே தோள், அதே மூக்குதான் கெவினுக்கும். மணிக்கட்டு நேராக இருக்கிறது.

பின்னால் ஒரு தொடரில் அவனுக்கும் இன்னொரு ஆணுக்கும் கல்யாணம் நடக்கிறது. 2014ல் சிங்கப்பூர் அந்தக் கதை அடங்கிய தொகுப்பை விற்கக் கூடாது என்றது. அதே 2014ல், அதே தொடரில், கெவினைக் குறிவைத்து வந்த குண்டைத் தன் மேல் வாங்கிக்கொண்டு ஆர்ச்சி சாகிறான். 1941லிருந்து உயிரோடு இருந்த நாயகனை ஒரு நண்பனுக்காகச் சாக விட்டார்கள். எனக்கு அந்த மிகையுணர்ச்சி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பர்கர் போட்டியே போதும்.

எங்கள் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. கூவாகம் இங்கேதான் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்காகத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அதை அறுத்து அழுவதும் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் படமாக வருகின்றன. அது அவர்களின் விழா, அவர்களின் துக்கம். ஆனால் வழக்கத்துக்கு மாறாக யாரைக் கண்டாலும் அந்த ஒரே படத்துக்குள் திணித்துவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். திருநங்கை தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். ஆணை விரும்பும் ஆண் தன்னை ஆணாகவே உணர்கிறவர். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் டிராக்டரை, மீசையை முறுக்கிக்கொண்டு அவர் ஓட்டிவரலாம். ஊர்ப் பார்வையில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. பெஞ்சில் 9 போடுகிறவன் இருவரையும் ஒரே கீறலில் அவமானப்படுத்திவிடுகிறான்.

வெள்ளிமலைப் பக்கம் பையன்கள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு சாலை நெடுகப் போவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்காக மலை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் என்று கதைகட்ட நான் தயாரில்லை. அங்கேயும் பெஞ்சுகள் இருந்தன.

“நளினமாக நடக்கிற ஆண்கள் நிஜமாகவே இருக்கிறார்களே, வரைந்தால் என்ன தப்பு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரையுங்கள், தாராளமாக. ஆனால் நளினமாக நடக்கிற எல்லோரும் ஆணை விரும்புகிறவர்கள் இல்லை. கபடியில் தொடை தட்டுகிறவர் விரும்பக் கூடாது என்றும் இல்லை. ஒரே உருவத்தை, அதுவும் சிரிப்புக்காக மட்டும், திரும்பத் திரும்பப் போடும்போதுதான் பிள்ளைகள் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் உளவு பார்க்கத் தொடங்குகிறார்கள்.

சட்டம் நகர்ந்துவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் ஒருபால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை செய்வதற்குத் தடை விதித்தார். சித்திரக் கதையும் நகர்ந்திருக்கிறது: இந்திய ஆங்கிலத்தில் அம்ருதா பாட்டில் 2008லேயே ‘கரி’ என்ற சித்திர நாவலில், பெண்ணை நேசிக்கும் ஒரு பெண்ணை விளம்பர நிறுவன வேலையோடும் மும்பையின் சாக்கடையோடும் வரைந்துவிட்டார்.

இனிமேல் செய்ய வேண்டியவர்கள் தமிழில் படம் போடுகிறவர்களும் காமிக்ஸ் வெளியிடுகிறவர்களும்தான். அறிவுரைக் கதை வேண்டாம், தியாகிப் பட்டமும் வேண்டாம். ஒரு துப்பறியும் கதையில் துணைப் பாத்திரமாக அப்படி ஒருவரைக் கொண்டுவாருங்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள், நல்ல பசி கொடுங்கள், கடைசிப் பக்கம் வரை உயிரோடு விட்டுவையுங்கள்.