துப்பாக்கியை எங்கே செருகுவது? (தொடைக் கட்சிக்கும் முதுகுக் கட்சிக்கும்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நிஜத் துப்பாக்கி பற்றியது அல்ல. மேல்மலையனூர் மாசித் திருவிழாக் கடைகளில் தொங்குமே, மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு போட்டு, மேலே இழுத்துவிட்டுச் சுடும் பிஸ்டல், அது பற்றியது. சின்னப் பசங்க சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இப்போதே நடையைக் கட்டலாம். வெளிநாட்டில் இதையே கொஞ்சம் உயர்ந்த ரகத்தில் செய்து, ஏர்சாஃப்ட் என்று பெயர் வைத்து, வழுக்கை விழுந்தவர்கள் எல்லாம் விளையாடுகிறார்கள். நிஜத் துப்பாக்கிக்குக் கடுமையான தடை உள்ள ஜப்பானில்தான் இது பிறந்தது. குண்டு அதே 6 மில்லிமீட்டர்தான். ஆக, செஞ்சிக்காரனான நானும் உலக விளையாட்டு வீரன். (சிரிக்காதீங்க.)

நாங்கள் விளையாடுவது நண்பன் ஒருவனின் சித்தப்பாவுக்குச் சொந்தமான சவுக்குத் தோப்பில். கோட்டைக்குள் அல்ல. கோட்டைக்குள் விளையாடினால் சூப்பரா இருக்குமே என்று வெளியூர் நண்பர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. ராஜகிரிப் படியில் பிளாஸ்டிக் குண்டு பொறுக்கிக்கொண்டிருந்தால் ஊர் மானம் போகும். தோப்பே போதும்.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி. ஒன்று முதுகுக் கட்சி: பேண்ட்டின் பின்பக்கம், முதுகெலும்பு முடியும் இடத்தில் செருகிக்கொள்வார்கள். தலைமைக் கழகம் தமிழ் சினிமா. ஹீரோ சட்டையைத் தூக்கிப் பின்னாலிருந்து எடுத்தால்தானே தியேட்டரில் விசில். இன்னொன்று தொடைக் கட்சி: இடுப்பிலிருந்து வார் தொங்கவிட்டு, தொடையில் ஒரு பட்டி கட்டி, அதில் உறை. தலைமைக் கழகம் கம்ப்யூட்டர் கேம். இரண்டு பேருக்கும் நான் எதிரி. என் கட்சி இடுப்புக் கட்சி. நானே தலைவர், நானே தொண்டர், இதுவரை நானே பொருளாளரும்கூட (பி.காம். படிப்பவன் வேறு என்ன பதவி கேட்பான்).

முதுகுக் கட்சியை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் இடுப்பு ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் 12 மணி. வலது இடுப்பு 3 மணி. முதுகெலும்பு 6 மணி. முதுகுக் கட்சிக்காரன் செருகுவது அந்த 6 மணியில். செஞ்சியில் பாறை இல்லாத இடமில்லை, தோப்புக்குள்ளும் முண்டு முண்டாகக் கிடக்கிறது. சறுக்கினால் மனிதன் முக்கால்வாசி மல்லாக்கத்தான் விழுவான். விழும்போது பாறைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருப்பது எது? வெளிநாட்டுப் போலீஸ் பயிற்சியாளர்கள் பலர் இந்த இடத்தைக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். எங்கள் கூட்டத்தில் ஒருவன் விழுந்து, செமஸ்டர் பரீட்சையை ஒரு பக்கமாக உட்கார்ந்து எழுதினான். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் வேறு. வலி எதனால் என்று அவனுக்கே குழப்பம்.

அதைவிட மோசமானது எடுக்கும் விதம். பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கை தடவித் தேடும். உறை கிடையாது என்பதால் விரல் முதலில் போய் நிற்பது டிரிகரில். அப்படியே இழுத்து முன்னால் கொண்டுவரும்போது, குழல் பக்கத்தில் நிற்பவன் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் எதிரியிடம் போகும்.

கடந்த தீபாவளி லீவில் நடந்தது இதுதான். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. கண்ணாடியை எல்லோரும் நெற்றியில் ஏற்றி வைத்திருந்தோம். ஒருவன் ஸ்டைலாக முதுகிலிருந்து உருவினான். பக்கத்தில் அவன் தம்பி, எட்டாம் வகுப்பு. சட் என்று ஒரு சத்தம். தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கையை எடுக்கவே விடவில்லை. எடுத்துப் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே, ஒரு விரல் தள்ளி, சிவப்பாக ஒரு வட்டம். ஒரு விரல். அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் ஆறு பேருக்கும் வயிற்றில் என்ன நடந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"பிளாஸ்டிக் குண்டுதானே" என்று சொல்லாதீர்கள். 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 1 ஜூல். ஜப்பான் சட்டம் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. நம் திருவிழாத் துப்பாக்கி அவ்வளவு வராது. ஆனால் கண்ணுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. இந்தக் குண்டு பட்டுக் கண்ணுக்குள்ளே ரத்தம் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகள் உலகம் முழுக்க உண்டு.

அன்று மாலையே அவர்கள் அம்மா எல்லாத் துப்பாக்கிகளையும் வாங்கிக் கிணற்றில் போட்டுவிட்டார். நியாயம்தான். என்னுடையதும் போயிற்று, அது மட்டும் கொஞ்சம் அநியாயம்.

அடுத்து தொடைக் கட்சி. இவர்கள் கொஞ்சம் படித்தவர்கள், ஆதாரம் காட்டுவார்கள். "கமாண்டோ எல்லாம் தொடையில்தானே போடுறான்?" போடுகிறான். 1980 மே மாதம் லண்டனில் ஈரான் தூதரகத்தை மீட்கப் போன பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். வீரர்கள் தொடையில்தான் பிஸ்டல் கட்டியிருந்தார்கள். உலகம் முழுக்க டிவியில் பார்த்தது. ஏன் கட்டினார்கள்? மேலே குண்டு துளைக்காத கவசம், இடுப்பைச் சுற்றி வேறு சாமான்கள். இடுப்பில் இடம் இல்லை, கை போக வழி இல்லை. அதனால் கீழே இறக்கினார்கள். நம்மாளுக்கு மேலே என்ன இருக்கிறது? டி-ஷர்ட். இடுப்பில்? ஒரு மொபைல். இல்லாத கவசத்துக்கு வழிவிட்டு உறையைத் தொடைக்கு இறக்குவது, ஹெல்மெட் போடாமலேயே தலைமுடி கலைந்துவிட்டது என்று வருத்தப்படுவது மாதிரி.

தொடை என்பது நடக்கும்போது ஆடும் பாகம். கட்டியதும் கூடவே ஆடும். ஓடினால் பட்டி தளர்ந்து முழங்காலுக்கு இறங்கும், பிறகு ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு நாள் உட்கார்ந்து கவனித்தேன். ஐந்து ஆட்டத்தில் மூன்று முறை எங்கள் தொடைக் கட்சித் தலைவர் குனிந்து பட்டியை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே அவுட். பாறை ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கனத்தையும் காலோடு தூக்க வேண்டும். ராஜகிரி ஏறியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பாதிக்கு மேல் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலே பாறாங்கல் ஆகிவிடும்.

இதில் அக்குள் கட்சி என்று ஒரு ஆசாமியும் உண்டு. அக்குளுக்குக் கீழே படுக்கை வாட்டத்தில் தொங்கவிடுவார், சிபிஐ அதிகாரி நினைப்பு. தோப்புக்குள் வரிசையாக நடக்கும்போது அவர் துப்பாக்கியின் வாய் எப்போதும் பின்னால் வருபவன் முகத்தைப் பார்க்கும். பின்னால் வருபவன் வழக்கமாக நான். மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

ஆயுதம் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஸ்டைல் முடிவு செய்வதில்லை, ஆயுதத்தின் நீளமும் கையின் நீளமும்தான் முடிவு செய்யும். நம்ம தேசிங்கு ராஜாவைப் பாருங்கள். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி இறந்தபோது கிட்டத்தட்ட நம் வயதுதான் என்பார்கள். வலது கையால் வாள் வீசுகிறவன் வாளை இடது பக்கம் தொங்கவிடுவான். காரணம் எளிது, அவ்வளவு நீளத்தை அதே பக்கத்திலிருந்து உருவ முடியாது, குறுக்கே இழுத்தால்தான் உறையை விட்டு வரும். குட்டை ஆயுதத்துக்கு அந்தக் கவலை இல்லை. செங்கம் பக்கத்து நடுகற்களில் வில்லோடு நிற்கும் வீரர்களைக் கவனியுங்கள், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு. பலருக்குக் குறுவாள் இடுப்புக் கச்சையில்தான் இருக்கிறது. தொடையில் கட்டிய ஒருத்தரையும் நான் பார்க்கவில்லை.

இன்னொருவர் சாம் பிரவுன். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. 1858-ல் வட இந்தியாவில் ஒரு சண்டையில் இடது கையை இழந்தார். இடுப்பில் தொங்கும் வாளைப் பிடித்து நிறுத்தவும் இன்னொரு கை இல்லை. என்ன செய்தார்? ஆயுதத்தை வேறு இடத்துக்கு மாற்றவில்லை. வலது தோளிலிருந்து குறுக்கே ஒரு வார் கொண்டுவந்து பெல்ட்டோடு மாட்டி, கனத்தைத் தோளுக்கு ஏற்றினார். அணிவகுப்பில் நம் போலீஸ் அதிகாரிகள் மார்புக்குக் குறுக்கே போடும் அந்தத் தோல் பட்டை அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு கை போனவரே இடுப்பை விடவில்லை. இரண்டு கையும் சரியாக இருப்பவனுக்கு என்ன கேடு?

கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு முழங்கையைப் பின்னுக்கு இழுத்து மடக்கிப் பாருங்கள். உள்ளங்கை எங்கே வருகிறது? வலது இடுப்புக்குச் சற்று மேலே, 3 மணியிலிருந்து 4 மணிக்குள். குனிய வேண்டாம், தேட வேண்டாம், தோளை இறக்க வேண்டாம். குழல் நேராகத் தரையைப் பார்க்கும். ஓடினால் உடம்போடு ஒட்டி இருக்கும், தவழ்ந்தாலும் வயிற்றுக்கு அடியில் மாட்டாது. இடது கைக்காரர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவும். பைக்கில் உட்கார்ந்தால் கொஞ்சம் குத்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பைக்கில் போகும்போது அது இடுப்பிலேயே இருக்கக் கூடாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பிளாஸ்டிக் என்று எப்படித் தெரியும்? கூட்டு ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரிடம் "சார், இது ஏர்சாஃப்ட்" என்று விளக்கும் ஆசை எனக்கு இல்லை. குண்டைக் கழற்றி, பைக்குள் போட்டு, ஜிப்பை மூடு.

இடம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, உறை வேண்டும். வெறும் பெல்ட்டில் செருகுவது உறை ஆகாது. டிரிகரை முழுசாக மூட வேண்டும், மேலே ஒரு பட்டை, அதில் பிரஸ் பட்டன். பழைய ஸ்கூல் பை ரெக்சினை எடுத்துக்கொண்டு போனால் செருப்பு தைக்கும் அண்ணன் அரை மணி நேரத்தில் தைத்துத் தருகிறார். என்னுடையதற்கு 60 ரூபாய் ஆனது. "இது என்னப்பா, கத்திரிக்கோல் கூடா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்டைலாகத் தெரியவில்லை என்று நண்பர்கள் ஓட்டுகிறார்கள். வாய்ப்புச் செலவு என்று பொருளாதார வகுப்பில் தலையால் அடித்துக்கொண்டு நடத்தினார்களே. 60 ரூபாயை ஒரு தட்டில் வையுங்கள், அந்த ஒரு விரல் இடைவெளியை இன்னொரு தட்டில் வையுங்கள்.

பொங்கல் லீவில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. அந்த அம்மாவிடம் போய்ப் பேச என்னை அனுப்பப் பார்க்கிறீர்கள், நல்ல பையன் மாதிரி முகம் இருக்கிறதாம். போகிறேன். ஆனால் என் நிபந்தனையை இங்கேயே எழுதி வைக்கிறேன்: தோப்பு வாசலைத் தாண்டியதிலிருந்து திரும்பி வரும்வரை கண்ணாடி கண்ணில். துப்பாக்கி இடுப்பில், உறைக்குள், பட்டன் போட்டு. முதுகிலோ தொடையிலோ அக்குளிலோ வைத்திருப்பவன் அந்த ஆட்டத்தில் இல்லை, அவன் சித்தப்பா தோப்பாகவே இருந்தாலும்.

ஞாயிறு காலை 7 மணி. பெல்ட் போட்ட பேண்ட்டில் வரவும். லுங்கியில் வருபவர்கள் நடுவராக இருக்கலாம்.