கெடு இல்லாத நாற்காலி

தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,
தலைமைச் செயலகம், சென்னை.



பொருள்: பணிக்காலத்தில் இறந்த ஊழியர்களின் குடும்பங்கள் – கருணை அடிப்படை நியமனம் – காலதாமதம் – தொடர்பாக.
பார்வை: ஏதுமில்லை.

பொறுத்தருள வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகள் எழுத்தர் மேசையில் உட்கார்ந்து எழுந்தவனுக்குப் பொருளும் பார்வையும் போடாமல் கடிதம் வராது. கடைசி ஒன்பது ஆண்டுகள் நான் பார்த்த சீட்டில் கருணை அடிப்படைக் கோப்புகள்தாம் வேலை. எந்தத் துறை, எந்த மாவட்டம் என்பதை விட்டுவிடுகிறேன். எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒரு சீட் இருக்கிறது. பெரும்பாலும் ஜன்னல் ஓரமாக இருக்காது.

ஒரு கோப்பைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் சாலைப் பணியாளர். ஐப்பசி மழை. புளியமரக் கிளை முறிந்து சாலையை அடைத்துக் கிடக்கிறது என்று தகவல் வர, பொறியாளர் போனில் கூப்பிட்டுச் சொன்னார். அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். இருட்டில் வந்த லாரி நிற்கவில்லை.

அப்போது மணி ஆறே முக்கால். வருகைப் பதிவேட்டின்படி பணி நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் என் கோப்பில் எட்டு மாதங்களைத் தின்றது. ‘பணிக்காலத்தில் இறந்தார்’ என்பது வேறு, ‘பணியின்போது இறந்தார்’ என்பது வேறு. முன்னதற்கு அவர் பணிப்பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். வீட்டில் காய்ச்சலில் போனாலும் கணக்கு ஒன்றுதான். பின்னதற்கு ஆதாரம் வேண்டும். வேலை கேட்க முன்னதே போதும்; ஆனாலும் கோப்பு பின்னதில் போய் மாட்டிக்கொண்டது. அவரைப் போகச் சொன்ன எழுத்துமூல உத்தரவு எங்கே என்று மேலிடத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். மழையில் விழுந்த மரத்துக்கு யார் ஐயா எழுத்துமூல உத்தரவு போடுவார்கள்? வாய்மொழி உத்தரவு என்று எழுதி அனுப்பினோம். அதற்குள் பொறியாளர் மாறுதலாகி வேறு ஊர் போய்விட்டார். அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம், நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு.

கருமாதி முடிந்த நான்காம் நாள் அந்த அம்மா முதல்முறை வந்தார், மஞ்சப்பையோடு. தேவையான ஆவணங்களின் பட்டியல் ஒன்றைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வறிய நிலைச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், கல்விச் சான்று. அதற்கும் கீழே, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கான சான்று. கணவனைக் கொடுத்து இருபது நாள் ஆன பெண்ணிடம் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. விரலை வைத்துக் காட்டினேன்.

“இது எதுக்குங்க சார்?”

“வழக்கமா கேக்குறதும்மா.”

வேறு என்ன சொல்வது?

அதன்பிறகு நடந்ததைத் தாங்கள் ஊகிக்கலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழின் உண்மைத்தன்மை கேட்டுப் பள்ளிக்கு எழுதினோம். பதில் வர ஏழு மாதம். மாமியார் பெயர் குடும்ப அட்டையில் ஒரு மாதிரி, வாரிசுச் சான்றில் இன்னொரு மாதிரி. வறிய நிலைச் சான்று பழையதாகிவிட்டது, புதிதாக வாங்கி வரச் சொன்னோம், இன்னும் வறியவர்தானா என்று உறுதிசெய்ய. எல்லாம் சரியாகி முன்னுரிமைப் பட்டியலில் பெயர் ஏறியபின் காலிப் பணியிடம் இல்லை. அவர் வரும்போதெல்லாம் “கோப்பு சுற்றில் இருக்கும்மா” என்பேன். அது பொய்யில்லை. கோப்பு உண்மையிலேயே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இப்படிக் கோப்பைத் திருப்பியதில் இரண்டு நான் குறிப்பு எழுதி அனுப்பியவை. விதிப்படி பார்த்தால் இரண்டிலும் பிழையில்லை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் கெட்டவர் இல்லை. கண்காணிப்பாளர் ஒருமுறை அவருக்குப் பஸ் செலவுக்குக் கைக்காசு கொடுத்ததும் உண்டு. ஆறு ஆண்டு நான்கு மாதம் கழித்து அலுவலக உதவியாளர் பணி ஆணை கையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு கும்பிட்டார். பெரிய பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன். மூன்று வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறானாம்.

இனி விஷயம்.

இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்பது நம் மாநிலத்தில் புதிதல்ல. 1972-ஆம் ஆண்டு அரசாணை தொட்டு நடைமுறையில் உள்ளது. இடையில் எத்தனையோ திருத்தக் கடிதங்கள். அவற்றையெல்லாம் ஒழுங்குசெய்து 2023-இல் தனி விதிகளே வந்துவிட்டன. பழையதிலும் புதியதிலும் மாறாத ஒரு வரி உண்டு: இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கோப்பு அங்கேயே முடிந்தது. நானே அப்படிப் பல கோப்புகளை முடித்திருக்கிறேன். படிப்பறிவில்லாத குடும்பம், துக்கம், சொத்துத் தகராறு, யார் சொல்லியும் தெரியாதது என எந்தக் காரணமும் அந்த மூன்றை மூன்றரை ஆக்காது.

சரி, கெடு இருக்கட்டும். அதே விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட என் நாற்காலிக்கு என்ன கெடு? ஒன்பது ஆண்டுகளில் அப்படி ஒரு தேதி என் தலைக்கு மேல் தொங்கியதில்லை. தன்பதிவேட்டில் நிலுவை என்று மாதாமாதம் எழுதுவேன். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுவார். நிலுவைக்கு அதுதான் தண்டனை.

இதில் நீதிமன்றம் சேரும்போதுதான் விபரீதம் முழுதாகத் தெரியும். உமேஷ்குமார் நாக்பால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை எல்லாத் தீர்ப்பிலும் எதிரொலிக்கிறது: இந்த நியமனம் திடீர் நெருக்கடியிலிருந்து குடும்பத்தைக் கரையேற்றத்தான், நியாயமான காலம் கடந்துவிட்டால் கேட்க முடியாது. மேற்கு வங்கத்தில் பர்தமான் நகராட்சி ஊழியர்களின் வாரிசுகள் விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இத்தனை காலம் போனபின் அந்த அவசரம் எங்கே இருக்கிறது என்பதே அதன் சாரம். நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. போட்டித் தேர்வுக்குப் படித்துக் காத்திருக்கும் பிள்ளைகளின் சமவாய்ப்பிலிருந்து பிய்த்தெடுக்கும் சலுகை இது; கண்டபடி நீட்டக்கூடாது என்பது சரிதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நாங்கள் தாமதிக்கத் தாமதிக்க அந்தக் குடும்பத்தின் வழக்கு பலவீனமாகிறது. பட்டினி கிடந்தோ கடன் வாங்கியோ பையனைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பியோ உயிரோடு இருந்துவிட்டார்கள் அல்லவா, அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சி. கோப்பை ஆறு ஆண்டு வைத்திருந்த அலுவலகமே, ஆறு ஆண்டு ஆகிவிட்டது என்று பதில் மனுத் தாக்கல் செய்யலாம். செய்தும் இருக்கிறது.

தனியார் முதலாளி இப்படித் தப்ப முடியாது என்பதுதான் வேடிக்கை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதில் பின்னால் சேர்ந்த 4-ஏ பிரிவு, இழப்பீடு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்கவில்லையென்றால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, தக்க காரணம் இல்லாவிட்டால் இழப்பீட்டில் பாதிவரை அபராதம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது; கெடு என்ற எண்ணம் போகவில்லை. ஒரு மில் முதலாளிக்கு, ஒரு டீ எஸ்டேட்டுக்கு முப்பது நாள். என் சீட்டுக்கு முடிவில்லாத காலம்.

அந்தச் சட்டத்தைப் புகழ்வதாக நினைக்க வேண்டாம். இறந்தவருக்கு 35 வயது என்றால் மாத ஊதியத்தில் பாதியை 197.06-ஆல் பெருக்கினார்கள். மாதம் 22,000 வாங்கியவராக இருந்தாலும் கணக்குக்கு 15,000 தான் எடுத்தார்கள். 2020 ஜனவரியில் 8,000-இலிருந்து அவ்வளவுக்கு உயர்த்தினார்கள். ஆக 14,77,950 ரூபாய். தொகை போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் இறந்தவரின் மனைவிக்கு எவ்வளவு என்று தெரிந்தது, எப்போது என்று தெரிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பணிப்பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது தங்களுக்கு நினைவிருக்கும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் போனார்கள். வயல் சேற்றில் நின்று கம்பம் தூக்கியவர்களில் நிரந்தர ஊழியர் யார், ஒப்பந்த ஆள் யார் என்று பார்த்தால் தெரியாது. கம்பத்தில் ஏறியபின் இருவருக்கும் ஒரே கயிறு. கீழே விழுந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒருவர் வீட்டுக்குக் கோப்பு உண்டு, இன்னொருவர் வீட்டுக்குப் போனவர் ‘நம்ம ஆள் இல்லை’ என்று ஒரு மாலையோடு திரும்பிவிடுவார். ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும் வேலை யாருடையதோ அவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று அந்த இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு 1923-லேயே எழுதிவைத்தது. அந்த வீட்டில் யாருக்கு அது தெரியும்? நாமாகப் போய்ச் சொன்னதுண்டா?

போய்ச் சொல்ல முடியாது என்றும் இல்லை. பாதாளச் சாக்கடையில் இறந்தவர்கள் விஷயத்தில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் அரசே கண்டறிந்து 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்த ஆணை எவ்வளவு நிறைவேறியது என்பதில் எனக்குக் குறை உண்டு. ஆனால் அதன் வாக்கிய அமைப்பை ஓர் எழுத்தராகக் கவனித்தேன். அதில் எழுவாய் அரசு. எங்கள் விதிகளில் எழுவாய் விதவை.

அதை மாற்றச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

ஊழியர் இறந்த செய்தி அலுவலகத்துக்கு வந்த அன்றே கோப்பை அலுவலகம் திறக்க வேண்டும், மனைவி விண்ணப்பம் கொடுத்த பிறகல்ல. பணிப்பதிவேடு நம்மிடம் இருக்கிறது. வாரிசாக யாரைக் குறித்திருக்கிறார் என்ற படிவமும் அதற்குள் இருக்கிறது. வாரிசுச் சான்று கொடுப்பவர் தாசில்தார், அவரும் அரசு. பள்ளிச் சான்றை உறுதிசெய்பவர் தலைமையாசிரியர், பெரும்பாலும் அவரும் அரசு. ஆறு ஆண்டுகளாக அந்த அம்மா செய்ததைக் கூட்டிப் பார்த்தால், ஓர் அரசு அலுவலகத்திலிருந்து இன்னோர் அரசு அலுவலகத்துக்குச் சம்பளமில்லாத தபால்காரராக நடந்திருக்கிறார். அந்தத் தபாலை நாம் சுமப்போம். மறுமணச் சான்று வேண்டாம் என்றே சொல்வேன். குறைந்தது முதல் நாள் பட்டியலில் அது இருக்க வேண்டாம்.

கோப்பு திறந்த நாளிலிருந்து முடிவுக்கு ஒரு தேதி வேண்டும். ஆறு மாதம் என்று வையுங்கள். அது தாண்டினால் முடிவு வரும்வரை இறந்தவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி குடும்பத்துக்குப் போகட்டும், தாமதித்த அலுவலகத்தின் ஒதுக்கீட்டிலிருந்தே. மத்தியப் பிரதேசம் 2010-இல் கொண்டுவந்த சேவை உறுதிச் சட்டத்தில் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் வைத்தார்கள். அது சின்னத் தொகைதான். ஆனால் என் போன்றவர்களை எனக்குத் தெரியும். சொந்தப் பையிலிருந்து 250 போகும் என்றால் பள்ளிக்கு எழுதும் கடிதம் ஏழு மாதம் ஆகாது, நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்திருப்பேன்.

குடும்ப ஓய்வூதியம் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர் இறந்தால், அவர் கட்டியதையும் அரசு போட்டதையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்த காலத்தைப் பார்த்தவன் நான். மத்திய அரசு தன் ஊழியர்களின் குடும்பங்களுக்கு அதை 2009-லேயே சரிசெய்யத் தொடங்கியது. அதைப் பேசச் சங்கங்கள் இருக்கின்றன, சாலைமறியல் இருக்கிறது. நாற்காலிக்குக் கெடு கேட்டு எந்தச் சங்கமும் கொடி பிடிக்காது. உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள்தாமே.

நான் தட்டச்சு செய்த அந்த ஆவணப் பட்டியல், ஓய்வுபெற்ற அன்று அடுத்தவரிடம் ஒப்படைத்த கோப்புறையில் முதல் தாளாக இருந்தது. போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். நகலெடுத்து நகலெடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போய், ஆனால் அதே தாள்தான், சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. தங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
பணி ஓய்வுபெற்ற உதவியாளர் ஒருவர்

நகல்: இப்போது அந்தச் சீட்டில் இருப்பவருக்கு, தகவலுக்காக.