ஏணி ஒடிந்தால் அது விதியா?



கொடிக்காலில் அகத்தி மேல் கொடி ஏற ஏற, வெற்றிலை கிள்ளுகிறவரும் ஏணியில் ஏறித்தான் ஆகணும். போன மாசியில் என் கொடிக்காலில் ஏணிப்படி ஒடிந்து ஒரு தம்பி விழுந்தார். இடுப்பெலும்பு போச்சு. பதறிப்போய் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினோம். அதுவும் தப்பு என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. உளுத்த படியைக் கயிற்றால் கட்டி வைத்தவன் நான். இதை விதி என்று எந்த வாயால் சொல்வேன்?

உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011-இல் வந்தது. நிலமற்ற தொழிலாளி விபத்தில் செத்தால் 1 லட்சத்துக்குப் பதில் 2 லட்சம் என்று 2025 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் ஏணியிலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் சாவதில்லை, முடங்கிப் போகிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிய என்ன வழி?

நாம் கேட்பது: முடங்கியவர் எழுந்து வேலைக்குப் போகும்வரை மாதாமாதம் உதவித்தொகை. அரை ஏக்கர் வைத்துக்கொண்டு கூலிக்கும் ஏறுகிறவருக்கும் அதே 2 லட்சம். உறுதியான ஏணிக்கு மானியம்.

கேட்கும் முன் நம்ம ஏணியைப் பார்ப்போம். உளுத்த மூங்கிலை அடுப்பில் போடுங்க. 16 அடி உயரத்தில் சாத்தினால் ஏணியின் கால் 4 அடி தள்ளி நிற்கணும். ஈர மண்ணில் பலகை போட்டு, ஒருத்தர் பிடிச்சுக்கணும். எட்டிக் கிள்ளாதீங்க, இறங்கி ஏணியை நகர்த்துங்க. கரண்டு கம்பி பக்கம் அலுமினிய ஏணி ஆகவே ஆகாது. விழுந்தவரை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க.

மனுவோடு தாலுகா ஆபீஸ் முன் திரள்வோம்! கூலிக்கு ஏறியவர் உயிரோடு இறங்கி வீடு திரும்பணும்!