அப்பளம் காய ஓரிடம்

2025 மே 26 அன்று தென்மேற்குப் பருவமழை மும்பைக்குள் நுழைந்தது. வழக்கமாக அது வரும் நாள் ஜூன் 11. இதற்கு முன் மிகவும் முந்தி வந்ததே மே 29-இல்தான். அந்த மாதம் கொலாபாவில் பெய்த மழை 1918-ஆம் ஆண்டின் மே மாதப் பதிவையும் தாண்டியது. கோடை முடிவதற்குள் வடாம் பிழிந்துவிடலாம் என்றிருந்த மாட்டுங்கா, செம்பூர் வீடுகளுக்கு அது ஓர் ஏமாற்றம், அவ்வளவுதான். தாராவியின் சந்துகளில் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் அப்பளம் உலர்த்தும் பெண்களுக்கோ அன்றைய கூலியே போயிற்று. தேய்த்த அளவுக்குத்தான் அவர்களுக்குக் காசு. காயாத அப்பளத்தை யாரும் எடை போட்டு வாங்குவதில்லை.

அதே தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றுகின்றன. பச்சை மண்பாண்டம் உள்ளும் புறமும் ஒரே சீராகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் பானையைச் சூளையில் வைத்தால் அந்த ஈரம் ஆவியாகிப் பானை வெடிக்கும். பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். தீபாவளி அகல்களை மழையின் கடைசி வாரங்களில்தான் செய்து குவிக்க வேண்டியிருக்கிறது. பருவமழை மும்பையை விட்டு விலகும் நாளை வானிலை ஆய்வுத் துறையே 2020-இல் செப்டம்பர் 29-இலிருந்து அக்டோபர் 8-க்குத் தள்ளி வைத்தது. காகிதத்தில் ஒன்பது நாள். குயவருக்கு அது ஆண்டின் பெரிய சந்தைக்கு முன்னால் கிடைக்கும் வெயிலில் ஒன்பது நாள் குறைவு. அங்கே சூளைகளும் வீடுகளுக்கு நடுவே உள்ள முற்றங்களும் பல குடும்பங்களுக்குப் பொது. மேகம் கறுத்தால் யார் வீட்டுச் சரக்கு என்று பார்க்காமல் எல்லோரும் ஓடிவந்து உள்ளே எடுத்துவைக்கும் வாழ்க்கை, முற்றம் பொதுவாக இருப்பதால்தான் சாத்தியமாகிறது.

வெயிலை நம்பியிருக்கும் தொழிலைக் கூட்டாக நடத்துவது எப்படி என்று இந்த நகரத்துக்குப் பாடம் சொன்னவர்களும் அப்பளப் பெண்களே. 1959 மார்ச்சில் கிர்காவின் ஒரு பழைய கட்டடத்து மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் தேய்த்தார்கள். முதல் நாள் நான்கு பொட்டலம். அந்த ஆண்டு மழை வந்ததும் நான்கு மாதம் வேலையே நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழையிலும் வேலை நடந்தது. அதுதான் லிஜ்ஜத். இன்று 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதன் உறுப்பினர்கள், எல்லோரும் உரிமையாளர்கள். கட்டில் வாங்க அவர்கள் யாரிடமும் மனுப் போடவில்லை என்பதை நாம் முக்கியமாக நினைக்கிறோம். லாபமும் நட்டமும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. அதனால் ஒரே ஆண்டில் வழி பிறந்தது.

வானத்தை நம்பிய தொழில் வெயில் தேசத்தில் மட்டும் இல்லை. காஷ்மீரின் குல்மார்கில் பனி போதாமல் 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேட் ரிவர் க்ளென் என்ற பனிச்சறுக்குத் தளத்தை 1995-இல் அங்கே சறுக்க வருபவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். ஆளை மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் அதன் இழுவை 1948-இல் போட்டது, ஒரு நாற்காலியில் ஒருவர்தான் அமரலாம். அது பழசானபோது ஒருவருக்கு மேல் அமரும் புதியதை வாங்காமல், பணம் திரட்டி 2007-இல் பழையதையே புதுப்பித்தார்கள். கூட்டம் குறைவாக ஏறினால் உள்ள பனி அதிக நாள் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. கூட்டு உரிமை என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. நியூசிலாந்தின் ருவாபேஹு மலையில் லாப நோக்கமின்றி 1953 முதல் இயங்கிய நிறுவனம், பெரிய கேபிள் கார் கட்டிக் கடனையும் ஏற்றிக்கொண்டது. கொரோனாவும் பனி பொய்த்த பருவமும் அடுத்தடுத்து வந்தபோது, 2022-இல் கடனைத் தாங்க முடியாமல் நிர்வாகியின் கைக்குப் போனது. சிறியதாக இருப்பதும் கடனில்லாமல் இருப்பதும் இத்தகைய தொழில்களுக்கு உயிர்.

இப்போது தாராவிக்கு வருவோம். அதை அடுக்குமாடிகளாக மாற்றிக் கட்டும் மறுசீரமைப்பை நடத்தும் நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. தகுதி பெறும் குடும்பத்துக்கு 350 சதுர அடியில் வீடு, தனிக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர். இவை தேவை. விடிகாலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும் யாரிடமும் பழைய தாராவியே அழகு என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் பதினைந்தாவது மாடியின் 350 சதுர அடியில் ஐந்து பேர் படுத்து எழுந்தபின் அப்பளக் கூடையை எங்கே கவிழ்ப்பது? சக்கரத்தை எங்கே வைப்பது? தாராவியின் வீடு வீடு மட்டும் இல்லை, பாதி பட்டறை. வாசலும் சந்தும் அந்தப் பட்டறையின் களம்.

உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வரட்டும். அதை யார் வாங்குவார், மின்கட்டணம் யார் கட்டுவார் என்பதே கேள்வி. முதலாளி ஒருவர் வாங்கினால் மழை நாளில் அவர் சொன்னதே வாடகை. வெயில் இதுவரை யாரிடமும் வாடகை வாங்கியதில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. புதிய கட்டடத் தொகுதி ஒவ்வொன்றிலும் வெயில் விழும் பொது உலர்களமும், அதற்கு ஒளி புகும் கூரையும், மழைக்கால உலர்த்தும் அறையும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். அவற்றின் பட்டா அங்கே வேலை செய்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும்; பராமரிப்பு நிறுவனத்தின் தயவில் இருக்கக் கூடாது. கும்பார்வாடாவில் மாற்று முற்றமும் சூளையும் இயங்கத் தொடங்கிய பிறகே பழையதில் கைவைக்க வேண்டும். சூளைப் புகை அக்கம்பக்கத்துக்குத் தீங்குதான். அதற்குப் புகை குறைந்த சூளையைக் குயவர்களோடு உட்கார்ந்து வடிவமைப்பதுதான் மருந்து, அவர்களை நகருக்கு வெளியே தள்ளுவது அல்ல.

மழை நாள் நிதி ஒன்றும் வேண்டும். குஜராத்தில் சேவா அமைப்பு 2023-இல் தன் உறுப்பினர்களான பெண் தொழிலாளர்களுக்கு வெப்பக் காப்பீடு ஒன்றைத் தொடங்கியது. வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால், இழப்பைத் தனித்தனியே நிரூபிக்காமலே பணம் கிடைக்கும் ஏற்பாடு அது. மும்பையில் மாநகராட்சியின் தானியங்கி மழைமானிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை காட்டும் அளவை வைத்தே, பருவம் தப்பிப் பெய்யும் மழைக்கு அப்பளப் பெண்களுக்கும் குயவர்களுக்கும் பணம் கொடுக்கலாம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சொசைட்டி வீடுகளில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஒன்று தெரியும். கோடையில் வடாம் காயவைக்க வாட்ச்மேனிடம் சாவி கேட்டு, செயலாளரிடம் சொல்லி, பக்கத்து வீட்டின் முகச்சுளிப்பையும் பார்த்த பிறகுதான் மாடிக் கதவு திறக்கும். நமக்கு அது ஆண்டுக்கு ஒரு முறை. அதையே பிழைப்பாகக் கொண்டவர்களை அந்த நிலையில் விடக் கூடாது. லிஜ்ஜத்தின் ஏழு பெண்களுக்கும் தொடக்கத்தில் தேவைப்பட்டது ஒரு மொட்டை மாடிதான். தாராவியில் எழப்போகும் ஒவ்வொரு கட்டடத்திலும் அந்த மாடியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை, அடிக்கல் நாட்டும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.