கீழாநெல்லியும் புலனச் செய்திகளும்

கீழாநெல்லி கல்லீரல் புற்றுநோயை வேரோடு அழிக்கும், விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டனர் என்னும் செய்தி பெற்றோர் புலனக் குழுக்களில் அடிக்கடி வலம் வருகின்றது. பகிர்பவர்களில் ஆசிரியர்களும் உள்ளனர். ஆகவேதான் இதனை எழுத விழைகிறேன்.

மலாய்க்காரர்கள் 'டுக்கோங் அனாக்' என்றழைக்கும் இச்செடி, ஜொகூர்த் தோட்டப்புறங்களில் நம்மவர்க்கு மஞ்சள் காமாலை மருந்து. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் இதனை ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைத் தாங்கியவர்களுக்கு 30 நாள்கள் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு இது. நாம் பெருமை கொள்ளலாம்.

பின்னர் நியூயார்க் ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடினர். இக்கிருமி தன் மரபணுக்களை இயக்க, நம் கல்லீரல் உயிரணுவின் புரதங்களையே கடன் வாங்குகிறது. அப்புரதங்கள் கிருமியின் மரபணுவிலுள்ள ஒரு 'விசை'யில் சென்று ஒட்ட வேண்டும். கீழாநெல்லிச் சாறு அவ்வாறு ஒட்டுவதைத் தடுத்தது. கிருமியின் மரபணுச் செயற்பாடும் குறைந்தது. 1997இல் வெளியான இவ்வாய்வுக்குப் பயன்பட்டவை, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்கள்.

குழப்பம் இங்குதான் பிறக்கிறது. புற்றுநோய் உயிரணுவில் சோதித்தார்கள் என்பது, புற்றுநோயைக் குணப்படுத்தினார்கள் என்று மாறிவிடுகிறது! அடங்கியது கிருமியின் மரபணு; அதுவும் கண்ணாடித் தட்டில். வாயால் உண்ணும் சாறு செரிமானத்தைக் கடந்து அதே அளவில் கல்லீரலைச் சேருமா என்பது வேறு கேள்வி. சென்னையில் கண்ட பலன்கூட, 1990இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் கிட்டவில்லை. இந்தப் பாதியை எந்தப் புலனச் செய்தியும் சொல்வதில்லை.

பாட்டி வைத்தியத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. மஞ்சள் காமாலை தானே தணியும் நோயாகவும் இருக்கலாம். புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையின்றி வேறுபாடு தெரியாது. சாறு குடித்துக் காத்திருக்கும் மாதங்களில் கட்டி வளர்ந்துவிடும் என்பதே என் அச்சம்.

கல்லீரல் புற்றுநோயின் முக்கியக் காரணங்களுள் ஒன்றான இக்கிருமிக்கு, நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம் தலைமுறையில் பலருக்குக் குழந்தைப் பருவத்தில் அது கிடைக்கவில்லை. பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை கிளினிக் செல்லும்போது ஹெப்பாடைட்டிஸ் பி இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.